பக்கத்திலேதானே கடல்?

2020 டிசம்பர் 14. மெரினாவை மறுபடி ஜனங்களுக்குத் திறந்துவிட்ட நாள். மார்ச்சில் மூடியது, ஏறக்குறைய ஒன்பது மாதம். டி.வி.யில் செய்தி பார்த்ததுமே எங்கள் வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. "எங்கேயாவது போயிட்டு வரலாம். தூரமா வேணாம். பக்கத்திலேயே."

அந்தப் 'பக்கத்திலேயே'யைக் கவனியுங்கள். அந்த வருஷம் நம் மனசாட்சிக்குக் கிடைத்த கெட்டிக்கார வக்கீல் அதுதான். நாங்கள் விமானம் ஏறவில்லை. மாநில எல்லை தாண்டவில்லை. மாநிலத்துக்குள் போக இ-பாஸ்கூட செப்டம்பரிலிருந்து தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாடகை வீடு, இரண்டு ராத்திரி. இதில் என்ன தப்பு?

கிளம்புமுன் ஆரணிக்குப் போன் செய்தேன். எனக்குச் சொந்த ஊர். பெரியப்பா வீட்டில் இன்னும் பட்டுத் தறி இருக்கிறது. "நீங்களும் வாங்க பெரியப்பா. அங்கேர்ந்து மூணு மணி நேரம்தான். வண்டி அனுப்பறேன்."

பெரியப்பா சிரித்தார். "நாங்க மார்ச்லேர்ந்தே லீவுலதான்டா இருக்கோம்."

உறைத்தது. பட்டுப் புடவை கல்யாணத்தை நம்பிப் பிழைக்கிற தொழில். கல்யாணத்துக்கே ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று ஆனபோது, அத்தைக்கும் சித்திக்கும் யார் புடவை எடுப்பார்கள்? தறி நின்றுபோனவருக்கு ஓய்வு என்பதே வேறு அர்த்தம். ஆனாலும் உறைத்த சுரணை ரொம்ப நேரம் நிற்கவில்லை. கிளம்பிவிட்டோம்.

கடல் நன்றாகத்தான் இருந்தது. சமையலுக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வஞ்சிரம் வறுத்துப் போட்டார். முதல் நாள் முகக்கவசத்தோடு வந்தவர், எங்களில் யாரும் போடவில்லை என்று பார்த்து அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. அவராகவே.

இரண்டாம் நாள் சாயங்காலம் பையனுக்கு லேசாகத் தொண்டை கரகரப்பு. கடல் காத்து என்றோம். சென்னை திரும்பி மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் பாசிட்டிவ்.

இப்போது ஒரு அசிங்கமான உண்மையைச் சொல்கிறேன். ஆபீசுக்கு உடனே தகவல் சொன்னேன். அபார்ட்மென்ட் செக்ரட்டரிக்குச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு முழு நாள் போன் செய்யவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதாவது, தெரியும். வெட்கமாக இருந்தது.

மறுநாள் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "மாமியாருக்குச் சக்கரை இருக்கு சார், அதான் பயம்" என்றார். அப்புறம், "நீங்க வந்துதான் சார் பல மாசம் கழிச்சு கையில காசு பார்த்தேன். வராதீங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அவர்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம். என் யோக்கியதைக்கு அதில் பங்கில்லை. செய்த காரியம் ஒன்றேதான். விளைவு நல்லபடியாக அமைந்ததால் நான் நல்லவனாகிவிடுவேனா?

இந்தப் 'பக்கத்து ஊர்ச் சுற்றுலா' புதுசில்லை. 1348-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிளேக் தாண்டவமாடியது. அந்தப் பின்னணியில் பொக்காச்சியோ எழுதியதுதான் 'டெக்கமரான்'. ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் ஊருக்கு வெளியே, நடந்து போகிற தூரத்தில் ஒரு மாளிகையில் தங்கி நூறு கதை சொல்லிக்கொள்கிறார்கள். இலக்கியத்துக்கு அது பெரிய லாபம். ஆனால் அவர்கள் வேலைக்காரர்களையும் கூட்டிப் போனார்கள். சமைத்ததும் படுக்கை விரித்ததும் அவர்கள்தான். நூறில் ஒரு கதைகூட அவர்கள் முறைக்கு வரவில்லை.

'அப்போ வீட்டிலேயே கிடந்திருக்கணும், அவ்வளவுதானே?' என்பீர்கள். அவ்வளவு சுலபமில்லை. எல்லோரும் வீட்டிலேயே கிடந்ததால்தான் மாமல்லபுரத்தில் கல் செதுக்குகிறவரும் பாசிமணி விற்கிறவரும் மாதக்கணக்கில் வருமானமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். போனால் நோய், போகாவிட்டால் பசி. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்து, மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன் 'நான் வெளியே போகவே இல்லை' என்று பெருமையடிப்பதிலும் ஒரு போலித்தனம் இருக்கிறது.

பிறகு ஒருமுறை ஆரணி போனபோது பக்கத்திலிருக்கும் திருமலைக்குப் போயிருந்தேன். சமணத் தலம். ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரில் அங்கே ஒரு ஜினாலயம் உண்டு. பாறையில் செதுக்கிய நேமிநாதர் சுமார் பதினாறு அடி உயரம் நிற்கிறார். சின்ன வயசில் அண்ணாந்து பார்த்து உயரத்தை மட்டும் வியந்ததுண்டு. இந்தத் தடவை அவருடைய கதை ஞாபகம் வந்தது.

நேமிநாதருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் போகிறது. வழியில் பட்டியில் அடைத்த மிருகங்களின் அலறல் கேட்கிறது. எதற்கு என்று விசாரிக்கிறார். 'உங்கள் விருந்துக்குத்தான்' என்கிறார்கள். தேரைத் திருப்பிவிடுகிறார். துறவியாகிவிடுகிறார்.

நம்மால் துறவியாக முடியாது. தேரைத் திருப்புவதுகூடக் கஷ்டம். ஆனால் அவர் முதலில் செய்தது விசாரித்தது. என் சந்தோஷத்துக்கு இங்கே யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டது. அது நம்மாலும் முடியும். நான் அதைக் கேட்கவில்லை. வீட்டில் ஏ.சி. உண்டா, வை-ஃபை உண்டா என்று கேட்டேன்.

சமண முனிவர்கள் மழைக்காலம் நாலு மாதம் ஊர் ஊராகப் போகாமல் ஓரிடத்திலேயே தங்கிவிடுவார்கள். மழையில் துளிர்க்கிற புல், ஊர்கிற பூச்சி, கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் காலில் மிதிபடக் கூடாது என்பதற்காக. கிட்டத்தட்ட நம் ஊரடங்கு மாதிரிதான். ஆனால் அதில் நாம் மறந்துபோகிற பாதி ஒன்று உண்டு. முனிவர் ஓரிடத்தில் இருக்கிறார், ஊர் அவருக்கு ஆகாரம் தருகிறது. சோறு போட ஆள் இருந்தால்தான் ஒருவரால் அசையாமல் இருக்க முடியும். 'வீட்டிலேயே இரு' என்று சொல்கிறவர்கள், 'உன் சாப்பாட்டுக்கு என்ன வழி?' என்றும் கேட்க வேண்டும்.

சந்தோஷமாக இருந்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. சாவுச் செய்திக்கு நடுவில் இரண்டு நாள் அலையைப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. என் சந்தோஷத்தின் ஆபத்தை, வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவர் தலையில் இறக்கிவைத்ததுதான் தப்பு. அப்புறம் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, அதைவிடப் பெரிய தப்பு.

2021 ஏப்ரலில் மறுபடி போவதாக இருந்தோம். இரண்டாம் அலை வந்து கடற்கரைகளை மூடிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குப் போன் செய்து, "வரலைம்மா. ரெண்டு நாள் சம்பளம் மட்டும் அனுப்பறேன், வாங்கிக்குங்க" என்றேன்.

"வேலை செய்யாம எப்படி சார்?" என்று தயங்கினார்.

"வராம இருக்கறதுக்குத்தாம்மா" என்றேன்.

பணம் பெரிசில்லை. போன வருஷம் அவர் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட 'வராதீங்க'வுக்கு, ஆறேழு மாதம்கூட ஆகாமல் நான் கொடுத்த பதில் அது. தாமதம்தான். ஆரணிக்கு இன்னும் பதில் பாக்கி. இந்த வருஷமாவது வீட்டுக் கல்யாணத்துக்குப் பெரியப்பா தறியில் புடவை எடுக்க வேண்டும்.