பின்வருபவனுக்காக விதைப்பது கடமையா?



சம்பா நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, அது பூக்கும் தருணத்தில், ஏறக்குறைய 45 நாளில், மடக்கி உழுவது நம் காவிரிப் பாசனத்தில் கண்ட வழக்கம். ஒரு மணியும் வீடு வந்து சேராத பயிருக்கு ஏன் இந்தப் பாடு?

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஆயினும் நெற்பயிர் அதை நேராக எடுத்துக்கொள்ள வல்லதன்று. பயறு இனத்துச் செடிகளின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அதைத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. செடியோ அவற்றுக்குச் சர்க்கரை தந்து போஷிக்கிறது. இதை 1888-ல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானியர் இருவர் நிரூபித்தார்கள். உளுந்தும் இவ்வினமே. ஆனால் அதன் சத்தில் பெரும்பங்கு மணியோடு களத்துக்குப் போய்விடும். தக்கைப்பூண்டோ தன்னை முழுதும் மண்ணுக்கே கொடுத்துவிடுகிறது.

நிற்க. சென்ற ஞாயிறு பூசைக்குப்பின் குத்தகைக்காரர் ஒருவர் கேட்டார்: "சாமி, இந்தப் போகத்துக்கு யூரியா போதும். பூண்டு விதைச்சு மண்ணைத் திருத்தினா, அடுத்த வருஷம் நெலம் என் கையிலே இருக்குமா? வேறொருத்தருக்காக நான் ஏன் செலவழிக்கணும்?"

கடன்பட்டவரின் கேள்வி இது, கடிந்துகொள்ளத் தக்கதன்று. பலனில் ஒரு பங்கு இப்போகத்திலேயே கிடைக்கும் என்பது மெய். ஆனால் மண் திருந்துவது பல வருடக் காரியம்.

வாங்கிய நிலத்தைக் கெடுக்காமல் திருப்பித் தருவது நீதி. திருத்தித் தருவது பிறர்சிநேகம். நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் தங்கிச் செல்வோர் என்பது லேவியராகமம் 25-ம் அதிகாரத்தின் போதனை. ஆகவே பட்டா உடையவரும் அவர் சமுகத்தில் குத்தகைக்காரரே. பெயர் தெரியாத எத்தனையோ பேர் திருத்திவைத்த மண்ணில்தான் நாமும் உண்டு வளர்ந்தோம்.

ஆனால் இப்பாரம் ஏழையின் தலையில் மாத்திரம் விழலாகாது. நிலமுடையோரே, விதைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னும் சில வருடம் நிலம் அவர் கையிலேயே இருக்கும் என்று வாக்குக் கொடுங்கள். நாளைக்கு நிச்சயமில்லாதவனிடம் வருங்காலத்தைப்பற்றிப் பிரசங்கிப்பது நியாயமன்று. உழுவோரே, உங்களால் இயன்றால் ஒரு மாவிலாவது விதையுங்கள்.

மடக்கி உழுத செடியைப் பிறகு யாரும் காண்பதில்லை. ஆண்டவர் காண்கிறார்.

உங்கள் பங்குக் குரு