கோடுகளில் ஒரு நம்பிக்கையா?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, கோவிலின் பின்னறையில் பூசை உடுப்புகளைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தேன். பங்கைச் சேர்ந்த ஒரு தாய் உள்ளே வந்தார். கையில் மகளின் கைத்தொலைபேசி. “சுவாமி, இதை ஒருக்காப் பாருங்கோ” என்று நீட்டினார்.

பார்த்தேன். கோடுகள், சதுரங்கள், நீலத்திலிருந்து சாம்பல் நிறத்துக்கு மெல்ல மெல்ல இறங்கும் கட்டங்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருந்தன; நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்றிலேனும் ஒரு முகம் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை.

“இரவிரவா இதைத்தான் கீறிக்கொண்டிருக்கிறாள், சுவாமி. தகப்பன் செத்த பிறகு தொடங்கினது. ஏனெண்டு கேட்டால், இதைச் செய்யேக்கைதான் நாளைக்கு எழும்பலாம் போல இருக்கு எண்டு சொல்லுறாள். இதில என்ன கிடக்குது? பிள்ளைக்குப் புத்தி கித்தி தடுமாறிப் போச்சோ?”

“பிள்ளையைக் கரைச்சல்படுத்தாதையுங்கோ, அது தன்ரை பாட்டில மாறும்” என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலே அல்ல என்பது அறைவீட்டுப் படியில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தாய் ஓவியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உருவமும் சொல்லும் இல்லாத ஒன்று, அதுவும் இயந்திரத்தின் துணையோடு செய்யப்படும் ஒன்று, மனிதனுக்கு உண்மையான நம்பிக்கையைத் தர வல்லதா? அல்லது கள்ளைப்போலச் சற்று நேரம் துயரை மறக்கச் செய்கிறதா? அவர் கேட்டது இதையே. இன்று பல வீடுகளில் பிள்ளைகள் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இவ்வாறு வரைகிறார்கள். ஆகவே இதனை நாம் சேர்ந்து சிந்திப்பது தகும்.

உருவம் இல்லையே என்ற குறையை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் பன்னவேலைப் பாயோ பெட்டியோ இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சாயமிட்ட ஓலை குறுக்கும் நெடுக்குமாய் ஓடிக் கட்டங்களாகிறது. அதில் என்ன படம் இருக்கிறது என்று நாம் கேட்டதில்லை. கண் அதில் அமைதி கொள்கிறது. பின்னியவளின் கையும் பொறுமையும் அங்கே இருப்பதை நாம் சொல்லாமலே அறிகிறோம். திருச்சபைக்குள்ளும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. ஜேர்மனியின் கொலோன் பேராலயத்தில், இரண்டாம் உலகப் போரில் அழிந்த ஒரு பெருஞ் சாளரத்துக்குப் புதிய கண்ணாடி அமைக்கும் பணி கெர்ஹார்ட் றிக்டர் என்ற ஓவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் மறைசாட்சிகளைச் சித்திரிக்க வேண்டும் என்பதே முதல் எண்ணம். ஈற்றில் அவர் அமைத்தது 72 நிறங்களில் 11,000க்கும் அதிகமான சிறு சதுரங்கள். எந்த நிறம் எங்கே வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் கணினி குலுக்கல் முறையில் தீர்மானித்தது. 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அது திறந்துவைக்கப்பட்டது. அந்நகரின் பேராயர் கர்தினால் மைஸ்னர் அதனை விரும்பவில்லை. அது ஒரு பள்ளிவாசலுக்கோ வேறொரு செபக்கூடத்துக்கோ கூடுதலாகப் பொருந்தும் என்று கூறினார்.

கர்தினாலின் குறையை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். வாக்கு மாமிசமானார் என்று அறிக்கையிடுகிற நமக்கு முகம் முக்கியமானது. ஆனால் சாளரத்தின் முதல் வேலை ஒளியை உள்ளே விடுவது. சிலுவை பீடத்தில் இருக்கும்போது, சாளரம் வெறும் நிறமாய் இருப்பதில் விசுவாசத்துக்குக் குந்தகம் ஒன்றும் நேர்வதாக எனக்குத் தோன்றவில்லை.

இயந்திரம் அல்லவா செய்கிறது என்ற இரண்டாவது குறையே பெரிது. இதற்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேரா மொல்னார் 1924ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் திகதி ஹங்கேரியின் புடாபெஸ்ற் நகரிற் பிறந்தவர். சிறுமியாய் இருந்தபோது பலற்றன் ஏரிக்கரையில் மாலைதோறும் சூரியன் மறைவதை வண்ணக்கட்டிகளால் வரைவாராம். ஒவ்வொரு மாலையும் முதல்நாள் எடுத்த நிறத்துக்கு அடுத்த கட்டியைப் பெட்டியிலிருந்து எடுப்பது என்று தமக்குத் தாமே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். நுண்கலைப் படிப்பை முடித்து 1947இல் பாரிஸ் வந்தார். 1959 அளவில், கணினி ஒன்றைக் கிட்ட நின்று பார்க்கவும் வழியில்லாத காலத்தில், ‘கற்பனை இயந்திரம்’ என்றொரு முறையைக் கைக்கொண்டார். சட்டங்களை எழுதிவைத்து, தாமே இயந்திரமாகி, சட்டம் சொல்வதைத் தாளில் ஒவ்வொன்றாய் வரைந்து பார்ப்பது. உண்மையான கணினி அவருக்குக் கிடைத்தது 1968இல். அப்போது வயது 44. கட்டளைகளைத் துளையிட்ட அட்டைகளில் ஏற்ற வேண்டும். திரை கிடையாது. பேனா பூட்டிய பொறி தாளில் கீறி முடிக்கும்வரை என்ன வரப்போகிறது என்று கண்ணால் காண முடியாது.

வாசகர்களே, இதில் இயந்திரம் செய்தது எது, அவர் செய்தது எது? கோட்டை இழுத்தது இயந்திரம். எத்தனை கோடு, எவ்வளவு சாய்வு, ஒழுங்கில் எவ்வளவு குலைவு என்று விதித்தவர் அவர். ஒழுங்கான சதுரங்களுக்குள் நூற்றில் ஒரு பங்கு குலைவைப் புகுத்தினால் என்ன ஆகும் என்று சோதித்தார். சிறு கோடுகளை நெருக்கமாய் நிரப்பி, இடையிடையே சிலவற்றை அழித்து வெளிகள் விட்டார். வந்தவற்றில் எது நிற்க வேண்டும், எதைக் கிழித்துப் போட வேண்டும் என்று தெரிவு செய்ததும் அவர் கண்ணே. செபமாலையின் மணிகள் எண்ணிக்கையைக் காக்கின்றன, செபிப்பது நாம். ஒப்புமை முழுமையானதல்ல, ஆயினும் விளங்கும் என நினைக்கிறேன்.

இனி நம்பிக்கை. குருமடத்தில் புனித தோமஸ் அக்குவினாஸிடம் நாங்கள் படித்த ஒன்று இங்கே உதவுகிறது. மனிதன் எதை நம்பிக்கையோடு நோக்குகிறான் என்பதற்கு அவர் நான்கு அடையாளங்கள் சொல்கிறார்: அது நன்மையாய் இருக்க வேண்டும், இனி வரவேண்டியதாய் இருக்க வேண்டும், அடைவதற்கு அரியதாய் இருக்க வேண்டும், ஆயினும் அடையக்கூடியதாய் இருக்க வேண்டும். இறைவனையே நோக்கும் புண்ணியமான நம்பிக்கை இதனிலும் மேலானது. அதைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. சாவு விழுந்த வீட்டில் முதலிற் செத்துப்போவது இந்த நான்காவது அடையாளம். எதுவும் இனி ஆகாது என்று மனம் படுத்துவிடுகிறது. அந்த நிலையில் இருப்பவருக்குப் பெரிய ஆறுதல் வார்த்தைகள் காதில் ஏறுவதில்லை. செத்தவீடுகளில் நானே அவற்றைப் பேசி, பேசும்போதே அவை கீழே விழுவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு நீலத்தை இன்னும் சற்று மங்கலாக்கிப் பார்க்கலாம் என்பது அரிது, ஆயினும் ஆகக்கூடியது. அது நாளைக்கு எழும்ப ஒரு காரணம் ஆகிறது. மிகச் சிறிய காரணம்தான். பெரியவை இல்லாத வீட்டில் அதையும் பறிப்பதா?

மொல்னார் அம்மையாரின் வாழ்வில் என்னை மிகவும் நிறுத்திய இடத்துக்கு இப்போது வருகிறேன். அவர் பாரிஸில் இருக்க, ஹங்கேரியில் இருந்த தாயார் வாரந்தோறும் ஒரு கடிதம் எழுதுவார். அழகிய கையெழுத்து. வரியின் இடப்பக்கத்தில் நேர்த்தியாய், கண்டிப்பாய்த் தொடங்கும். வலப்பக்கம் போகப் போகப் பதற்றமுற்று ஆடும். ஆண்டுகள் செல்ல, ஒழுங்கு தேய்ந்து ஆட்டமே மிஞ்சியது. வாசிப்பது கடினமாயிற்று, பார்ப்பதற்கு மட்டும் அழகாய் இருந்ததாம். பின்னர் ஒருநாள் கடிதங்கள் நின்றன.

1980களில் மகள் கணினியிடம் அந்தக் கையெழுத்தின் சட்டத்தை எழுதிக் கொடுத்தார்: இடப்புறம் ஒழுங்கு, வலப்புறம் போகப் போக இவ்வளவு ஆட்டம். பொறி வரி வரியாய்க் கீறியது. ‘என் தாயின் கடிதங்கள்’ என்ற அந்தத் தொடர் இவ்வாறு பிறந்தது. அவற்றில் ஓர் எழுத்தேனும் எழுத்தன்று. வாசிக்க எதுவும் இல்லை. ஏறி இறங்கும் கோடுகள் மட்டுமே. ஆயினும், முதுமையில் நடுங்கிய கையிலிருந்து கடிதம் பெற்ற எவரும் அவற்றின் முன் பேசாமல் நிற்பார்கள். குருமட நாட்களில் என் அம்மா எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கற் பெட்டியில் என்னிடம் இருக்கின்றன. சொற்கள் மனப்பாடம், இப்போது அவற்றை எடுப்பது அந்த ‘ழ’கரத்தின் வாலைப் பார்ப்பதற்கே.

இங்கே ஓர் ஒழுக்கக் கேள்வி எழுகிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. இறந்த தாயின் கையை இயந்திரத்தைக்கொண்டு எழுதுவிப்பது ஏமாற்று ஆகாதா? இக்காலத்தில் இறந்தவரின் குரலைப் பதிவுகளிலிருந்து எடுத்து, அவர் சொல்லாததைச் சொல்ல வைக்கவும், நிழற்படத்தைப் பேச வைக்கவும் கணினிக்கு இயலும். இது நமக்குத் தூரத்துச் சங்கதி அன்று. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் கைகளில் இருந்தவை நிழற்படங்கள். அவற்றுள் ஒன்றை யாரேனும் எடுத்து, ‘அம்மா’ என்று கூப்பிட வைத்துக் கொடுத்தால்? கொடுப்பவர் இரக்கத்தினாலேயே கொடுக்கலாம். ஆனாலும் அது பொய்ச்சாட்சி என்றே நான் சொல்வேன். இல்லாதவருடைய வாயில் நம்முடைய சொல்லை வைக்கிறோம். மறுத்துச் சொல்ல அவர் இங்கே இல்லை. அந்தத் தாய்க்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது; இனிப்பான போலி அந்த உரிமையைத் தின்றுவிடும்.

மொல்னார் தாயின் வாயில் ஒரு சொல்லையும் வைக்கவில்லை. தாம் கண்ணால் அறிந்ததை, கையின் நடையை, நடுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். தாய் என்ன சொல்லியிருப்பார் என்ற இடத்தை வெறுமையாகவே விட்டார். கோட்டுக்குப் பொருள் இல்லாமல் இருப்பதே இங்கே நேர்மையாகிறது. உருவமற்ற ஓவியத்தை எனக்கு ஓரளவேனும் விளங்க வைத்தது இந்த வெறுமைதான்.

அவர் கடைசிக் காலத்தில் பாரிஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்துகொண்டே வேலை செய்தார். 2022இல் வெனிஸ் நகரின் புகழ்பெற்ற கலைக் கண்காட்சியில் அவருடைய படைப்புகள் வைக்கப்பட்டபோது வயது 98. 2023 டிசெம்பர் 7ஆம் திகதி, நூறு நிறைய ஒரு மாதம் குறையக் காலமானார்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், பள்ளிக்கும் போகாமல் கைத்தொலைபேசியோடு ஒடுங்கிக் கிடந்தால் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். கோடு கீறுவது மருந்து அன்று. அது வேறு, இது வேறு.

போன கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளை திண்ணையில் இருந்தாள். படங்களைக் காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் காட்டினாள். “எது உனக்குப் பிடிச்சது?” என்று கேட்டேன்.

“ஒண்டும் இன்னும் சரியா வரேல்லை, சுவாமி.”

“சரி எண்டால் எப்பிடி இருக்கும்?”

“தெரியாது. வந்தால் தெரியும்.”

தாய் தேநீரோடு வந்தவர் திரும்பி உள்ளே போகவில்லை. கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு மகளின் பக்கத்தில் இருந்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கட்டத்தில் விரலை வைத்து, “இந்த இடத்தை ஏன் பிள்ளை சும்மா விட்டனீ?” என்று கேட்டார். மகள் சொல்லத் தொடங்கினாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.