யார் வீட்டுக்கு?

காவிரிப் படுகையின் ஒரு கிராமத்துக்குள் புதிதாக நுழைகிற பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, ‘யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?’ என்பது. ஊர் வீடுகளால் ஆனது, வருகிற எவரும் ஏதோ ஒரு வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. காலையில் வந்து மாலையில் திரும்பும் சுற்றுலாப் பயணியிடம் அதற்குப் பதில் இல்லை. அவர் எந்த வீட்டுக்கும் வரவில்லை. கிராமத்தைப் பார்க்க வந்திருக்கிறார்.

தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் தங்குகிறவர்களுக்கு இப்போது ஒருநாள் கிராமச் சுற்றுலா என்று ஒன்று கிடைக்கிறது. 1620இல் டேனிஷ்காரர்கள் கால்வைத்த கடற்கரையையும் கோட்டையையும் பார்த்து முடித்தபின், காரில் ஏறி உள்நாட்டுப் பக்கம் போகலாம். மாட்டு வண்டி, வாய்க்கால் கரை, வாசல் கோலம், இளநீர், நடவு வயல். இவற்றை விற்கும் சொல் ‘அமைதி’. அமைதியான கிராமம், அமைதியான வாழ்க்கை. அந்த அமைதி யாருடையது, அதைப் பார்த்துவரப் போவது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இது நம் ஊருக்கு மட்டுமான கேள்வி இல்லை. ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையில் பெனிடோர்ம் என்ற சுற்றுலா நகரம் இருக்கிறது. அங்கிருந்து மலைப் பக்கம் போனால் குவாடலெஸ்ட் போன்ற சின்னஞ்சிறு ஊர்கள். கடலில் குளித்துச் சலித்தவர்கள் அங்கே ஒருநாள் பயணம் போகிறார்கள். அந்த நாட்டின் உட்பகுதிக் கிராமங்கள் பல அமைதியாக இருப்பதற்குக் காரணம், அங்கே ஆள் இல்லாததுதான். பிழைப்புத் தேடி மக்கள் நகரங்களுக்குப் போனார்கள். இளம்பெண்கள் கூடுதலாகவே வெளியேறினார்கள். அடுப்பும் முதியோர் பராமரிப்பும் மட்டுமே காத்திருந்த ஊரில் அவர்கள் ஏன் தங்க வேண்டும்? பள்ளி மூடியது, பேருந்து நின்றது, ஊர் ‘அழகான அமைதி’ ஆனது. 2019 மார்ச் 31 அன்று, காலியாக்கப்பட்ட ஸ்பெயின் என்ற பெயரில் அந்த மக்கள் மாட்ரிட்டில் திரண்டு பேரணி நடத்தினார்கள். பயணி ரசித்த அமைதிதான் ஊர்க்காரர்களின் புகாராக இருந்தது.

நம் படுகையின் அமைதிக்கும் காரணங்கள் உண்டு. ஆண்கள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். நடவு இயந்திரம் வந்த வயல்களில் குலவையும் பாட்டும் இல்லை. பயணி வந்து சேரும் பதினோரு மணிக்குத் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறதென்றால், விடியுமுன் சோறாக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வயலுக்கோ நூறுநாள் வேலைக்கோ போய்விட்டார்கள் என்று பொருள். திண்ணையில் மீந்திருப்பது ஒரு கிழவியும் ஒரு நாய்க்குட்டியும். படத்துக்கு அது அழகாகத்தான் இருக்கும்.

வயலில் எடுக்கப்படும் படத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். வரிசையாகக் குனிந்த முதுகுகள், பச்சை, நீரில் விழும் வானம். முகம் இருக்காது. குனிந்திருப்பவளின் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருப்பதும், ஏக்கருக்கு இவ்வளவு என்று கூட்டாகப் பேசி எடுத்த நடவில் ஒருத்தி நிமிர்ந்து நின்றால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதும் படத்தில் வராது. அவள் படத்துக்காக நிமிர்வதில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு நினைவூட்டல் தேவை. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். அதன் உரிப்பொருளாக நம் இலக்கணம் வைத்தது ஊடல். பொய்கையும் தாமரையும் எருமையும் நெல்லும் நிறைந்த மிகச் செழிப்பான நிலத்தை, வீட்டுக்காரனின் பரத்தமையால் புண்பட்ட ஒருத்தி வாயிலை மறுக்கும் களமாகவே பழைய புலவர்கள் கண்டார்கள். அந்த ஊடலுக்கும் எல்லை உண்டு. கோபிக்கலாம், வெளியேற முடியாது. ஆனாலும் செழித்த வயலைப் பார்த்ததும் ‘இங்கே பெண்ணுக்கு என்ன வருத்தம்?’ என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. ‘எவ்வளவு அமைதி!’ என்பது நாம் பின்னால் பழகிக்கொண்டது.

பழைய தஞ்சை மாவட்டத்தின் அமைதிக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலத்தில் இந்தக் கிராமங்கள் வெளியாருக்கு மிக அமைதியாகவே தோன்றியிருக்கும். சங்கம் சேர்ந்து கேட்கத் தொடங்கியபின்தான் 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின் கீழ் நின்ற தலித் மக்களில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். கார் வைத்திருக்கும் வசதியானவர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நீதிமன்றத்துக்கு நம்பும்படி இல்லை. இன்று அங்கே போகிறவர் பார்ப்பதும் வயலும் வரப்பும் காற்றும்தான். அந்த அமைதியை ரசிக்க எவருக்கும் மனம் வராது, நடந்தது தெரிந்திருப்பதால். அப்படியானால், ரசிக்க முடிகிற ஊர்களில் நமக்குத் தெரியாதது எவ்வளவு?

இவ்வளவும் சொன்னபின், போகாமல் இருப்பதே நல்லது என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி சொன்னாள்: “மேடம், யார் வீட்டுக்குன்னு கேட்டா அடுத்த கேள்வி எந்தத் தெருன்னு வரும். அதுக்கு அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும். யார் வீட்டுக்கும் வரலை, சும்மா பார்க்க வந்தேன்னு சொல்ல முடிஞ்சா, அதுதான் எனக்கு நிம்மதி.” வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. விருந்தோம்பல் என்று நான் வாசித்த அதே கேள்வி, அவளுக்குச் சாதியைத் தோண்டும் கருவி. வேரில்லாமல் வந்துபோகும் பயணியின் நிலை அவளுக்கு விடுதலை.

பெண்களுக்குப் பொதுவாகவும் இது பொருந்தும். 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் நமக்குக் கட்டணமில்லை. வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகிற பெண்களோடு, காரணமே இல்லாமல் கடைசி நிறுத்தம் வரை போய்ப் பார்த்துத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ‘எதுக்குப் போனே?’ என்ற கேள்விக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிராத ஒரு பகல், நம் தாய்மார்களுக்குக் கிடைக்காதது. அதைத் தவறென்று சொல்ல நான் யார்?

ஆனால் அந்தக் கடைசி நிறுத்தத்துத் தேநீர்க் கடையைப் பாருங்கள். வெளியூர்ப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். கொஞ்சம் வெறித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஊர்ப் பெண் உட்கார்ந்தால் மாலைக்குள் செய்தி அவள் வீட்டுக்குப் போய்விடும். நான் அங்கே சுதந்திரமாக இருப்பது, நான் அந்த ஊரில் எவருக்கும் மகளோ மருமகளோ இல்லை என்பதால். இன்னொருத்தியின் ஊரில் அவளுக்குக் கிடைக்காத ஒன்றை நான் அனுபவிக்கிறேன். அவளிடமிருந்து நான் அதைப் பறிக்கவில்லைதான். ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டபின் அவள் முதுகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது.

மணலூர் மணியம்மையை இங்கே நினைக்கிறேன். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே விதவையானவர். தலைமுடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் உடுத்தி, தஞ்சைக் கிராமங்களின் சேரிகளுக்குள் போய் விவசாயத் தொழிலாளர்களை அமைப்பாக்கினார். 1953இல் இறந்தார். ராஜம் கிருஷ்ணன் அவர் வாழ்க்கையை ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்ற நாவலாக எழுதினார். ‘யார் வீட்டுக்கு?’ என்று கேட்டிருந்தால், அவர் போன வீட்டைச் சொன்னாலே அக்ரகாரம் அதிர்ந்திருக்கும். பிறந்த தெருவை விட்டு, போகக்கூடாத வீட்டுக்குப் போனதால்தான் அவருடைய பயணத்துக்கு அர்த்தம் வந்தது. நாம் எல்லோரும் மணியம்மை ஆக வேண்டியதில்லை. பார்க்கப் போகிறவள் பார்க்கப்படவும் கேட்கப்படவும் இடம் கொடுத்தால் போதும். படமெடுக்குமுன் முகத்தைப் பார்த்துக் கேட்பது, முடியாது என்றால் கருவியைப் பையில் வைப்பது, கூலி எவ்வளவு என்று தெரிந்துகொள்வது, இரண்டாம் முறையும் அதே ஊருக்குப் போவது. இரண்டாம் முறை போனால் யாராவது ஒருத்தியின் பெயராவது நமக்குத் தெரிந்திருக்கும்.

போவது நியாயமா என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. நடவு வயலில் இருக்கும் அந்தப் பெண்கள் ஐந்து பேர், ஒருநாள் சும்மா பார்த்துவர என்று நம் குடியிருப்புக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் மரங்களைப் பார்க்கிறார்கள், நாம் துணி காயப்போடுவதைப் படமெடுக்கிறார்கள். எவ்வளவு அமைதி என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். வாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டி அவர்களிடம் என்ன கேட்பார் என்று நமக்குத் தெரியும். அவர்களைச் சும்மா பார்க்க விடுவோமா என்பதும் நமக்குத் தெரியும்.