வேலையும் மேல்சீலையும்

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஓர் அறிவிப்பை வெளியிட்டார். இன்று நாடார் என்று அறியப்படும் சமூகத்துப் பெண்கள், எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும், இனி மார்பை மறைத்துக்கொள்ளலாம். குப்பாயம் என்ற மேற்சட்டை போடலாம். கடற்கரை மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் உடுத்தக் கூடாது.

மானத்தை மறைக்க அனுமதி கொடுத்த அதே கை, சமமாகத் தெரிவதற்கு அனுமதி மறுத்தது. மார்பு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது அரசின் கவலையாக இருந்திருந்தால் கடைசி விலக்குக்குத் தேவையே இருந்திருக்காது. யார் யாரென்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும் என்பதே அரசின் கவலை.

அந்த அறிவிப்புக்குப் பின்னால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இழுபறி கிடக்கிறது. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், 1811க்கும் 1814க்கும் இடையில், கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களையும் மாப்பிளைப் பெண்களையும்போலக் குப்பாயம் அணிய வழி கிடைத்தது; மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போட வழி கிடைக்கவில்லை. இதை ஒட்டி 1822இல் கல்குளம் பகுதியில் மோதல் மூண்டது. மறு ஆண்டு பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1829 பிப்ரவரி 3ஆம் தேதி வந்த அரச அறிவிப்பு அந்தத் தீர்ப்பின் பயனைப் பறித்தது. மேல்சீலை கூடாது என்ற அந்த அறிவிப்பே, மற்றவர்களைப் போல இவர்களும் ஊழியம் செய்தாக வேண்டும் என்றும் சொன்னது. துணியைப் பற்றிய விதியும் வேலையைப் பற்றிய விதியும் ஒரே தாளில் இருந்தன.

அது தற்செயல் இல்லை. ஊழியம் என்றால் கூலியில்லா வேலை. அரண்மனைக்கும் கோயிலுக்கும் அதிகாரிகளுக்கும் சுமை தூக்க வேண்டும், ஓலை கொடுக்க வேண்டும், கூப்பிட்ட நேரத்தில் வர வேண்டும். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் எடுக்கக் கூடாது. வழியில் போகும் ஆளை நிறுத்தி வேலை வாங்குகிற ஓர் ஏற்பாடு நடக்க வேண்டுமென்றால், யாரை நிறுத்தலாம் என்பது உடம்பிலேயே எழுதியிருக்க வேண்டும். மதம் மாறியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு வர மாட்டோம் என்றபோதும், அவர்களின் பெண்கள் தோளில் துணியைப் போட்டபோதும் குலைந்தது இந்த ஏற்பாடுதான். 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் சந்தைக்குப் போன பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டதும், வீடுகளும் சிற்றாலயங்களும் எரிந்ததும் அந்தக் குலைவுக்கான பழிவாங்கல்.

அந்த இழுபறிக் காலத்திலேயே நாகர்கோவிலில் இன்னொன்றும் நடந்தது. 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த லேஸ் பின்னலில் பெண்களுக்குக் கூலி கிடைத்தது. தன் கையால் சம்பாதித்த காசில் வாங்கிய துணியைத் தன் தோளில் போட முடியாத நிலை எவ்வளவு பெரிய அநீதி என்பது, சம்பாதிக்கத் தொடங்கிய பெண்ணுக்குத்தான் முழுதாகப் புரிந்திருக்கும். உரிமைப் போராட்டங்களின் கதையில் மிஷனரிகளும் திவான்களும் கவர்னர்களும் நிறைய இடம் பிடித்துக்கொள்கிறார்கள். சந்தையில் அடிபட்டு, அடுத்த சந்தைக்கும் அதே சீலையோடு போன பெண்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

மதம் மாறாமலும் இந்த விதியை எதிர்த்தவர்கள் உண்டு. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். பிறருடைய சுமைக்குச் சும்மாடு வைத்த தலை அது. அங்கே இன்றும் ஆண்கள் தலைப்பாகையோடுதான் வழிபடுகிறார்கள். உடை வழியாக இழிவு வந்த இடத்தில் உடை வழியாகவே மானம் மீட்கப்பட்டது. அந்த உடை வழிபாட்டின் பகுதியும் ஆயிற்று. ஆகவே, தலையில் கட்டிய துணியும் முகத்தில் விட்ட தாடியும் வெறும் வெளித்தோற்றம்தானே, வேலைக்கு வரும்போது கழற்றி வைத்தால் என்ன என்று நாஞ்சில் நாட்டில் யாரும் இலேசாகக் கேட்டுவிட முடியாது.

ஆனாலும் கேட்கப்படுகிறது. 2023 மே மாதம் நாகப்பட்டினம் மாவட்டம் திருப்பூண்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த பெண் மருத்துவரிடம், ஹிஜாப் எதற்கு, நீங்கள் மருத்துவர்தானா என்று ஓர் அரசியல் கட்சிக்காரர் வீடியோ எடுத்துக்கொண்டே கேட்டார். கேட்டவர் மீது வழக்குப் பதிவானது. அந்தக் கேள்வியில் 1829ஆம் ஆண்டின் மனநிலை அப்படியே இருக்கிறது. மருத்துவர் படித்த படிப்பு, பார்க்கும் பணி எதுவும் அந்த மனிதரின் கண்ணில் படவில்லை. தலைத்துணி பட்டது, அது போதுமானதாக இருந்தது.

அரசே மேலதிகாரியாக இருக்கும் இடங்களில் கேள்வி விதியின் வடிவில் வருகிறது. மதுரையில் பணியாற்றிய ஒரு முஸ்லிம் காவலர், 2018இல் மக்காவுக்குப் போய்த் திரும்பியபோது தாடி வைத்திருந்ததும் துறை நடவடிக்கைக்குக் காரணமாயிற்று. ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. 1957ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெசட், முஸ்லிம் காவலர்கள் சீராகக் கத்தரித்த தாடி வைத்துக்கொள்ள ஏற்கெனவே அனுமதித்திருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டிய சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் தண்டனையை நீக்கி, மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் காவல் ஆணையருக்கே அனுப்பியது. 2016இல் விமானப்படை வீரர் ஒருவரின் வழக்கிலோ உச்ச நீதிமன்றம் எதிர்த் திசையில் போனது. முடியை வெட்டுவதை மதமே தடைசெய்தால்தான் விலக்கு உண்டு, தன் மதம் அப்படித் தடைசெய்கிறது என்று அவர் நிறுவவில்லை என்றது.

இந்த இரண்டாவது வழியில் ஓர் ஆழமான பிழை இருக்கிறது. ஒருவருடைய மதத்துக்கு எது இன்றியமையாதது என்பதை நீதிபதி ஆராய்ந்து சொல்ல வேண்டியதாகிறது. தலைப்பாகை கட்டாதவர் வழிபடக் கூடாது என்று நூல் சொல்கிறதா என்று சாமித்தோப்புக்காரரிடம் கேட்டு, அதை வைத்து அவர் மானத்துக்கு அளவு போடுவதுபோன்றது இது. கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் நீதிபதி சுதான்ஷு தூலியா இந்த ஆராய்ச்சியே தேவையில்லை, இது அணிகிற பெண்ணின் விருப்பம் சார்ந்தது என்றார். அந்த வழக்கு மாணவிகளைப் பற்றியது. என்றாலும் வேலையிடத்துக்கும் அவர் காட்டிய பக்கமே நேர்மையானது. விளக்கம் சொல்ல வேண்டியவர் உடுத்துகிறவர் இல்லை, கழற்றச் சொல்கிறவர்.

கழற்றச் சொல்கிறவருக்குச் சில நேரம் நல்ல காரணம் இருக்கும். ஓடும் எந்திரத்தின் அருகில் தொங்கும் துணி உயிரைக் குடிக்கும். அறுவை அரங்கில் கிருமி மதம் பார்க்காது. அங்கே விதி வேண்டும். அது எல்லோருக்கும் வேண்டும். ஆனால் அறுவை அரங்கிலேயே தலைமுடியை முழுக்க மூடச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சுத்தமான துணியில், கழுத்தோடு செருகிய முக்காடு அந்தத் தேவைக்கு எதிரானதாக இருக்கத் தேவையில்லை. காரணம் உண்மையானதாக இருந்தால் வழியும் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கவசத்திலிருந்தே விலக்குத் தந்திருக்கிறது. அந்த விலக்கு சரியா என்று வாதிடலாம். நாடு விரும்பினால் எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கும் என்பதற்கு அது சான்று.

இனி, எல்லோரும் மதச் சின்னங்களை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும், அதுதான் சமத்துவம் என்ற வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017இல் பெல்ஜியத்திலிருந்து வந்த வழக்கில் ஏறக்குறைய இதை ஏற்றது. நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் இதை நடைமுறைப்படுத்திப் பார்க்கலாம். தாலியைக் கழற்ற வேண்டும். கிறிஸ்தவப் பெண்ணின் மின்னுத் தாலியும் அதில் சேரும். விபூதி, குங்குமம் போக வேண்டும். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு, கறுப்பு வேட்டியும் வளர்ந்த தாடியுமாக வருகிற அலுவலரைத் திருப்பி அனுப்ப வேண்டும். உதவிபெறும் பள்ளிகளில் அரசுச் சம்பளத்தில் பாடம் நடத்தும் கன்னியாஸ்திரிகளின் முக்காட்டை எடுக்கச் சொல்ல வேண்டும். இதில் ஒன்றையும் யாரும் செய்யப்போவதில்லை; செய்யவும் கூடாது. கன்னியாஸ்திரியிடம் கணக்குப் படித்த இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கன்னியாகுமரி மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், அந்த முக்காட்டால் கணக்குக் கெட்டுப்போகவில்லை. அப்படியிருக்க, தக்கலையிலிருந்தோ இடலாக்குடியிலிருந்தோ தேங்காப்பட்டணத்திலிருந்தோ நேர்முகத் தேர்வுக்கு வரும் முஸ்லிம் பெண்ணின் முக்காடு மட்டும் எப்படி நடுநிலையைக் கெடுக்கும்? பழகிப்போன சின்னங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, பழகாதது மட்டும் தெரிகிறது. பொதுவிதி என்று எழுதினாலும் பாரம் ஒருவர் தலையில்தான் இறங்குகிறது.

தமிழர்கள் இதில் எப்போதும் பாதிக்கப்பட்ட பக்கத்தில்தான் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. 2018 ஏப்ரலில் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக் கூடாது, சேலை கட்ட வேண்டும் என்று போராட்டம் நடந்தது. ஆசிரியைகள் இடம் மாற்றப்பட்டார்கள். 2019இல் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் பக்கம் நின்றது. பள்ளியின் மரபு என்ற சொல் அங்கே திரும்பத் திரும்ப ஒலித்தது. போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு சமூகம் தன் பள்ளியின் அடையாளத்தைப் பற்றி அஞ்சுவது புரிந்துகொள்ளக்கூடியது. அந்த அச்சத்துக்கு ஓர் ஆசிரியையின் உடையைப் பலிகொடுப்பது நியாயமாகாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மத நிர்வாகங்கள் நடத்தும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஏராளம். பொட்டு வைத்து வருகிறவருக்கும், பொட்டில்லாமல் வருகிறவருக்கும், முக்காடு போட்டு வருகிறவருக்கும் அங்கே ஒரே முகம் காட்டப்பட வேண்டும்.

எளிதில் தள்ள முடியாத எதிர்வாதம் ஒன்று உண்டு. அந்த உடையே பெண் மீது வீட்டாரும் சமூகமும் சுமத்தியதாக இருந்தால்? சுமத்தப்படுவதுண்டு, மறுப்பதற்கில்லை. ஈரானில் முக்காடு சரியில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட இளம்பெண் 2022இல் காவலில் இறந்தார். அன்று நாடார் பெண்களுக்குத் தரப்பட்ட குப்பாயமும் யாரோ ஒருவர் இவர்களுக்கு இதுதான் ஏற்றது என்று வகுத்துக் கொடுத்த உடைதான். அவர்கள் கேட்டது சீலையை. ஆனால் வீட்டில் கட்டாயப்படுத்தப்படும் பெண்ணின் சம்பளத்தைப் பறிப்பது அவருக்கு எப்படி உதவி ஆகும்? அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த வேலைதான். போட விரும்புகிறவரை வேலையிடம் காக்க வேண்டும்; ஒரு நாள் போடாமல் வந்தால், வீட்டுக்குச் செய்தி சொல்பவர்களிடமிருந்தும் அதே வேலையிடம் அவரைக் காக்க வேண்டும்.

அரசு வேலை என்றால் அரசியல் சாசனத்தைப் பிடித்துக்கொண்டு மதுரைக் கிளைக்குப் போக ஒரு காவலரால் முடிந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் கிளினிக்கோ ஜவுளிக்கடையோ அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையோ முக்காட்டைக் காரணம் சொல்லாமல் சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அவர் தட்ட ஒரு கதவு கிடைப்பது அரிது. தனியார் வேலையில் மதப் பாகுபாட்டை முழுமையாகத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. அது வேண்டும். வரும்வரை நிர்வாகங்கள் தாமாகவே ஒரு வேலையைச் செய்யலாம். பணிவிதிகளில் உடையைப் பற்றிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இந்த வேலைக்கு இது ஏன் தேவை என்று எழுதி, சேரும் நாளிலேயே எல்லோர் கையிலும் கொடுக்கலாம். எந்திரத்தில் துணி சிக்கும் என்று எழுதலாம், கிருமி பரவும் என்று எழுதலாம். வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காது என்பதைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லையென்றால், அந்த வரியை அடித்துவிடலாம்.