முழு டிக்கெட்

குடும்பத்தோடு ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வர வேண்டும் என்று தீர்மானிப்பது எளிது. அந்தச் சந்தோஷத்துக்குக் கணக்குப் போட உட்காரும்போதுதான் மனிதனுடைய யோக்கியதை வெளிப்படுகிறது. சென்ற வாரம் என்னுடையது வெளிப்பட்டது.

எங்கள் ஊர் தளி. இங்குள்ள குளிர்ச்சியைக் கண்டு வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்தார்களாம். கர்நாடக எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆகவே எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறை என்றதும் மெரீனாவை நினைப்பதில்லை. ஆனேக்கல் வழியாகப் போய், மைசூர்ச் சாலையில் பிடதிக்குப் பக்கத்தில் 2005-ல் திறந்த வொண்டர்லாவைத்தான் நினைக்கிறார்கள். ராட்டினமும் நீர்ச்சறுக்கும் தலைகீழாகச் சுழற்றும் யந்திரங்களும் நிறைந்த கேளிக்கைப் பூங்கா அது.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். நான், மனைவி, அம்மா, மகன், சின்ன மகள், ஓசூரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் மைத்துனர். காகிதமும் பேனாவும் என் கையில். அறுபது தாண்டியவர் என்பதால் அம்மாவுக்குச் சலுகை உண்டு. குழந்தைகளுக்கு வயது கேட்பதில்லை, உயரம் பார்க்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம். அங்கிருந்து 140 வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் பெரியவர்கள் டிக்கெட்.

மகளைச் சுவரோரம் நிறுத்தித் தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, தையல் டேப்பால் அளந்தாள் என் மனைவி. 141!

குழந்தை துள்ளிக் குதித்தாள். பல மாதமாக அவள் காத்திருந்த எண் அது. அங்கே பெரிய யந்திரங்கள் பலவற்றில் ஏறுவதற்கும் அந்த 140 தான் எல்லை. இத்தனை நாளும் அண்ணன் ஏற, அவள் கீழே நின்று பார்க்க வேண்டியவளாக இருந்தாள். இனி அவனுக்குப் பக்கத்தில் உட்காரலாம்.

மைத்துனர் சிரித்தார். “ஒரு சென்டிமீட்டர்தானே மாமா? டிக்கெட் வாங்குற இடத்துல பாப்பாவை முட்டியைக் கொஞ்சம் மடக்கி நிக்கச் சொன்னாப் போச்சு. சில நூறு ரூபாய் மிச்சம்.”

நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன்: குழந்தை டிக்கெட் என்றே எழுதினேன். அப்போது அவள் கேட்டாள்:

“அப்பா, வாசல்ல நான் குட்டை, உள்ளே போனதும் நெட்டையா?”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. என் நினைவு ஒரு பழைய பஸ்ஸுக்குள் ஏறிவிட்டது.

1992 அல்லது 93 ஆக இருக்கலாம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பு. ஒரு கல்யாணத்துக்காக அப்பாவோடு ஓசூருக்குப் பயணம். அந்நாளில் பஸ்ஸில் 12 வயது வரை அரை டிக்கெட். எனக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. “பத்துன்னு சொல்லுடா” என்றார் அப்பா. சொன்னேன். கண்டக்டர் என் மேலுதட்டை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஓசூர் வரும் வரை நான் நிமிர்ந்து உட்காரவில்லை. இறங்கியதும் அப்பா எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். அது தொண்டையில் இறங்கவில்லை.

அப்பாவை நான் குறை கூறவில்லை. அவர் சட்டைப் பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். இல்லாதவனுடைய பொய்யை எடைபோட, இருப்பவன் கையில் தராசு கிடையாது. ஆனால் என் பையிலும் அதே வறுமை இருக்கிறதா? இல்லையே! அவருடைய பொய் பசியிலிருந்து வந்தது. என்னுடையது வெறும் சாமர்த்தியத்திலிருந்து வர இருந்தது.

பொய்யைப் பற்றி இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மானிய ஞானி கான்ட் 1797-ல் எழுதிய கட்டுரையில், கொலைகாரன் வந்து உன் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்கிறார். நம் வள்ளுவர் அவ்வளவு கடுமையானவர் அல்லர். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் வரிசையில் உட்காரலாம் என்று இடம் தருகிறார். நான் வள்ளுவர் கட்சி. ஆனால் அந்தத் தாராளமான வாசல் வழியாகக்கூட என் சில நூறு ரூபாய் நுழையவில்லை. குற்றமில்லாத நன்மை யாருக்கு விளைகிறது?

“உயரத்தை வைத்துக் காசு வாங்குவதே அநியாயம்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்பது வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட பிள்ளை என்ன பாவம் செய்தது? சீனாவிலும் ரயிலில் குழந்தைகளுக்கு உயரம் பார்த்துத்தான் அரை டிக்கெட் கொடுத்து வந்தார்கள். 2023-லிருந்து வயதை அளவாக வைத்தார்கள். விதி கோணலாக இருந்தால் அதை நிமிர்த்தலாம். அதற்குப் பதிலாக நம் குழந்தையின் முழங்காலைக் கோணலாக்குவது என்ன நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. உள்ளே யந்திரத்தருகே இருக்கும் அளவுகோல் காசுக்காக வைத்தது அல்ல, உயிருக்காக வைத்தது. மார்பையும் தொடையையும் அழுத்திப் பிடிக்கும் கம்பி, குறிப்பிட்ட அளவு வளர்ந்த உடலுக்கென்று செய்யப்பட்டது. சின்ன உடல் அதிலிருந்து நழுவிவிடக் கூடும். வாசலில் முட்டியை மடக்கி ஏமாற்றலாம் என்று அப்பனே கற்றுக் கொடுத்தால், 138 உயரமுள்ள பிள்ளை உள்ளே குதிகாலை உயர்த்தி ஏமாற்றலாம் என்று தானே கற்றுக் கொள்ளாதா? இரண்டு கோல்களும் வேறு வேறு என்று பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆயினும் என்னை உறுத்தியது இவை எதுவும் அல்ல. பூங்காக்காரருக்குச் சில நூறு ரூபாய் நஷ்டம் என்றால் அவர் தாங்கிக் கொள்வார். வளர்ந்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்தவளை, வளர்ந்ததை மறைத்துக்கொள் என்று சொல்ல இருந்தேனே, அதுதான் உறுத்தியது. குழந்தைக்குச் சொந்தமான சொத்து ஒன்றே ஒன்றுதான். அது அதன் வளர்ச்சி. அதைத் திருட்டுச் சாமான்போல ஒளித்து வைக்கச் சொல்லலாமா? பஸ்ஸில் நான் குனிந்து உட்கார்ந்தது பொய் சொன்னதற்காக மட்டுமல்ல என்று இப்போது தெரிகிறது. பன்னிரண்டு வயதாகிவிட்டதே என்று முதல்முறையாக வெட்கப்பட்டேன்.

அதுவரை பேசாமல் வெற்றிலை மடித்துக் கொண்டிருந்த அம்மா வாய் திறந்தாள்.

“புள்ளை வளரணும்னுதானே கண்ணு சோறு போட்டோம்? வளந்துட்டாளேன்னு காசுக்கு அழுவாங்களா?”

கான்ட்டும் வள்ளுவரும் தீர்த்து வைக்காத வழக்கு அதோடு தீர்ந்தது. குழந்தை டிக்கெட் என்று எழுதியதை அடித்துவிட்டு, பெரியவர்கள் டிக்கெட் என்று எழுதினேன். கூடுதல் செலவுக்கு ஈடாக, போகிற வழியில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடப் புளிச்சோறு கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. மைத்துனருக்கு என் போக்கு பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இருக்கட்டும்.

வரும் சனிக்கிழமை புறப்படுகிறோம். மகள் தினமும் சுவரோரம் நின்று அளந்து பார்த்துக் கொள்கிறாள், ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடுமோ என்ற பயத்தில்!