ஆளுக்கு ஒரு பாம்படம்

குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போயிருக்கிறீர்களா? முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, ஆளுக்கொரு வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்குவார்கள். காளி, குறத்தி, குரங்கு, போலீஸ்... எல்லாம் உண்டு.

பல வருஷங்களுக்கு முன்பு, அங்கே ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒட்டு மீசை, நெஞ்சில் தோட்டா பெல்ட்டோடு ஒரு பையன் வந்தான். ஒரு கையில் மரத் துப்பாக்கி, இன்னொரு கையில் உண்டியல். அசல் சினிமாக் கொள்ளைக்காரன்! நண்பரின் ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏலே, கொள்ளக்காரனே பிச்சை கேக்க வந்துட்டானா!"

காசு போட்டாள். விளையாட்டாய் அவன் துப்பாக்கியை நீட்ட, அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கை மட்டும் தானாகப் போய் இடது காதைப் பொத்தியது.

அந்தக் காதின் தொங்கல் இரண்டாகக் கிழிந்திருந்தது. வாலிப வயதில், கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுப் பனங்காட்டு வழியே வரும்போது, ஒருவன் பாம்படத்தைக் காதோடு இழுத்துவிட்டானாம்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்கு 'ஷோலே' (1975) கப்பார் சிங் ஞாபகம். அந்தப் பெயரில் 1950களில் சம்பல் பள்ளத்தாக்கில் நிஜமாகவே ஒருவன் இருந்தான். பிடித்த ஆட்களின் மூக்கையும் காதையும் அறுத்து அனுப்புவான். 1959ல் போலீஸ் சுட்டுக் கொன்றது. படம் வந்த பிறகு, கப்பார் பிஸ்கட் விளம்பரத்துக்கே வந்துவிட்டான்! 1991ல் 'ராம்கட் கே ஷோலே' என்று ஒரு கேலிப்படம். அமிதாப், தேவ் ஆனந்த் சாயலில் ஆட்களைப் பிடித்துப் போட்டு எடுத்தார்கள். கப்பாருக்கு மட்டும் டூப் இல்லை. அதே அம்ஜத் கான்!

தியேட்டரில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். மூக்கறுபட்டவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள்?

நம் நெல்லைச் சீமையிலும் 1920களில் ஜம்புலிங்கம் இருந்தார். பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவர் என்று கதைப்பாட்டே உண்டு. டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அவர் நல்லவரா, கெட்டவரா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி; வரவு என்றால் பற்று எங்கே என்று கேட்பான். இந்த மாதிரிக் கதைகளில் வாங்கியவர்கள் கணக்கு இருக்கிறது. பறிகொடுத்தவர்கள் பக்கம் காலியாகவே கிடக்கிறது.

அந்த வகையில் எனக்குக் கேலிப்படம் பிடிக்கும். நாம் தோளில் தூக்கி வைத்த ஆளை 'இறங்குடா கீழே' என்று இறக்கிவிடுகிறதே! ஆனால் இறக்குகிற சாக்கில் அவன் கத்தியையும் அட்டைக்கத்தி ஆக்கிவிடுகிறது. பறிகொடுத்தவர் பக்கம் அதுவும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'சும்மா சிரிக்கத்தானே சார்' என்பீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான். யார் காதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதுதான் என் சங்கடம்.

அன்றைக்கு ஆச்சியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "அந்த வேஷத்தப் பாத்தா கோவம் வரலியா ஆச்சி?"

"அவன் பச்சப்புள்ள. அவங்கிட்ட என்ன கோவம்?" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். இழுத்தவன் ஒரு பாம்படத்தோடு ஓடிவிட்டான். மிஞ்சிய இன்னொன்றை விற்று ஆடு வாங்கினாளாம்.

"அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. பங்கு சரியாப் போச்சுல்லா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குத்தான் கூடச் சிரிக்க வரவில்லை.