மனநோயும் சரியைத் தொண்டும்

சித்தங் கலங்கினாரை நம்மவர் இருவகையாக நோக்குகின்றனர். ஒருசாரார், 'இது முன்செய் வினை. நுகர்ந்தே தீர்தல் வேண்டும்' என்று வாளாவிருப்பர். மற்றொரு சாரார், 'இது மூளையின் நோய். மருந்தொன்றே அமையும்' என்பர். இவ்விரண்டும் சித்தாந்த நெறிக்கு முழுதும் ஒக்குமோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியங்கள், சடமாவன. ஆன்மா அவற்றுள் ஒன்றன்று என்பதும், அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றொடு கூடி நிற்குமென்பதும் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தாற் பெறப்படும். அமைச்சர் மயங்கியவழி அரசன் ஆணை பிறழும். அதுபற்றி அவன் அரசனல்லனாகான். அங்ஙனமே கரணம் பழுதுற்றானும் இறைவனுக்கு அடிமையாந் தன்மையிற் சிறிதுங் குறைவுபடான். அவனைப் பித்தனென்று இகழ்தல், கருவியின் குற்றத்தைக் கருத்தாவின்மேல் ஏற்றுதலாம்.

'பிராரத்தம் ஊட்டாது கழியுமோ?' எனின், கழியாது. ஆயின், பசியும் பிராரத்தமே; பசித்தானுக்குச் சோறிடாது வினையென்று கூறிப் போவாருளரோ? சடமாகிய கருவியின் பழுதைச் சடமாகிய மருந்து திருத்துதல் நூன்முறைக்கு மாறன்று. ஆகலின் மருத்துவரை விலக்குதல் தகாது.

இனி, புண்ணியத்தலத்திற் கொண்டுபோய் விடுதல் ஒன்றே அருளாகிவிடாது. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியதில் 28 பேர் மாண்டனர். சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர்க்கு ஓடித் தப்ப வழியில்லாது போயிற்று. அவ்வாறு சங்கிலியிடுதலை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விலக்கியுள்ளது. சட்டம் வருமளவும் நம் நெஞ்சம் அதனை விலக்காதிருந்தமை நாணத்தக்கது.

மருந்தாற் கரணம் ஒருவாறு தெளிந்தவன், மீண்டு புகுதற்கு ஓரிடம் வேண்டுமன்றோ? தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் என்னும் ஒரு கோயிலிற் றங்கிய மனநோயாளர் 31 பேரை மருத்துவ அறிஞர் ஆராய்ந்து 2002 இல் வெளியிட்டனர். ஆங்கு நோய் நீக்குஞ் சடங்கென்று தனியே யாதுமில்லை. காலையிற் சிறு பூசை, பின்னர்க் கோயிலைத் தூய்மை செய்தலும் செடிகட்கு நீர் வார்த்தலும் அவ்வளவே. உறவினர் உடனிருந்தனர். சராசரி ஆறு வாரத்தில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்தது. ஆராயப்பட்டோர் சிலரே, ஒப்பிட்டு நோக்க வேறு குழுவுமில்லை. ஆதலின் மருந்து வேண்டா என்பதற்கு இது சான்றாகாது. எனினும், ஓருண்மை இதனாற் புலனாகின்றது.

திருவலகிடுதலும் நந்தவனத்திற்கு நீர் இறைத்தலும் நம் ஆகமங் கூறுஞ் சரியையே. யோகமும் ஞானமும் ஒருங்கிய கரணத்தை வேண்டுவன. சரியையோ உடம்பின் தொழிலாதலின் மனம் ஒருங்காதார்க்கும் இயல்வது. மேலும், அதனைச் செய்வான் நோயாளனல்லன், தொண்டன். இழந்த மதிப்பை அவன் மீளப் பெறுவது ஆண்டேயாம்.

ஆகவே திருமடத்தாரையும் கோயிற் பணியாளரையும் யாம் வேண்டுவது இதுவே. அத்தகையான் ஒருவன் உங்கள் வாயிலில் வந்து நிற்பின், அவன் உண்ணும் மருந்தை நிறுத்தாதீர்கள். அவனுக்கு மந்திரிக்க விரையாதீர்கள். அவன் கையில் ஒரு திருவலகைக் கொடுத்து, அவன் பெயரைச் சொல்லி அழையுங்கள்.